எழுபதுக்கு மேல் வேண்டாம்

– சரி, அதெல்லாம் இருக்கட்டும். வாக்கெடுப்பு முடிஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு, லியோனா.

– முதல்ல உக்காருங்க, டாக்டர் தோர்சன். நான் காபிக்காக வெளிய வந்தேன். உள்ள இருக்கிறது பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு.

– காலையில இருந்து இந்த நாற்காலியிலதான் கிடக்கேன். கதவு திறக்கும்போதெல்லாம் எந்திரிக்கிறேன். ஹோட்டல் பொண்ணு தண்ணி ஜாடியை எடுத்துட்டு வந்தாக்கூட எந்திரிக்கிறேன்.

– அடேங்கப்பா! அதுக்கு நான் என்ன பண்றது? சொந்தத் தொடர்பு இருக்கிறவங்க வாக்கெடுப்பு சமயத்துல வெளிய உக்காரணும்னு நம்ம டாக்டர்கள் சங்கத்துக்கு விதி எழுதினது யாரு?

– நான்தான்.

– உங்க மனைவி மார்லிஸுக்கு ரத்தப் புற்றுநோய். அதே நோய்க்கான சிகிச்சை வழிகாட்டியைத்தான் உள்ள திருத்திட்டு இருக்கோம். பிப்ரவரியில மேஜையைச் சுத்தி ஒவ்வொருத்தரும் தொடர்பைச் சொன்னப்ப, நீங்களே எந்திரிச்சு நின்னு சொன்னீங்க.

– சொன்னேன். மறைக்கல.

– மறைச்சிருந்தா குழுத் தலைவர்ங்கிற முறையில அங்கேயே தோலை உரிச்சிருப்பேன்.

– இப்ப மட்டும் என்ன பண்றே?

– இப்ப காபி குடிக்கிறேன். ஆமா, மார்லிஸ் இந்தத் தடவை எலுமிச்சைக் கேக் குடுத்து விடலையா? எந்தக் கூட்டம்னாலும் ஒரு டப்பா வருமே. உள்ள ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க.

– அடுப்புப் பக்கம் போகல அவ.

– ம்ம்.

– பாரு லியோனா, நான் சுத்தி வளைச்சுப் பேசல. அந்த வரியை எடுத்துரு.

– எந்த வரியை?

– உனக்குத் தெரியும்.

– தெரியும். உங்க வாயால கேக்கணும்.

– “எழுபது வயதுக்கு மேல் மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டாம்.” போதுமா?

– குரல் என்னமா நடுங்குது! பதினாறு வருஷம் முன்னாடி இதே மினியாபொலிஸ்ல, மைக்கைப் பிடிச்சு வாசிச்சீங்களே, அன்னைக்கு நடுங்கலையே.

– இன்சூரன்ஸ்காரன் அந்த வரியைக் காட்டித்தான் முடியாதுங்கிறான். ஃபோன்ல ஒரு சின்னப் பையன். நான் எழுதினதை எனக்கே வாசிச்சுக் காட்டினான்.

– எழுதினது நீங்கதான்னு சொன்னீங்களா?

– சொன்னேன். “அப்ப உங்களுக்கே நல்லாத் தெரிஞ்சிருக்குமே, சார்”னான்.

– அந்தப் பையன் எந்த ஊரு? கூப்பிட்டு விருந்து வைக்கணும் நான்.

– சிரி. நல்லாச் சிரிச்சுக்கோ.

– தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். எங்கப்பாவுக்கு என்ன வயசு அப்போ, ஞாபகம் இருக்கா?

– எழுபத்தி ஒண்ணு.

– எழுபத்தி ஒண்ணு. டுலூத் துறைமுகத்துல ஆயுசு பூரா கப்பலுக்கு இரும்புத் தாது ஏத்தின உடம்பு. இதே நோய் வந்த வருஷம்கூட ஏரிப் பனியில ஓட்டை போட்டு மீன் பிடிச்சுட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில உங்க வழிகாட்டியைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க. “நீயும் டாக்டர்தானே, நீ எடுத்துச் சொன்னாக் கேக்க மாட்டாங்களா?”ன்னு என்னையே பாத்தாரு. நான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன்.

– பண்ணினே.

– என்ன சொன்னீங்க?

– லியோனா...

– இல்ல, சொல்லுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்கான்னு பார்க்கணும்.

– “ஒத்தை ஆளுக்காக வழிகாட்டியை வளைக்க முடியாது, கண்ணு.”

– கண்ணு! அந்தக் கண்ணுதான் எனக்கு இன்னும் எரியுது. சரி, இன்னொரு கேள்வி. எழுபதுங்கிறது எங்க இருந்து வந்துச்சு?

– எதுக்கு இப்ப அதைக் கிளறுறே? நீயும் அந்த அறையில இருந்தவதானே.

– இருந்தேன். பின்வரிசையில குறிப்பெடுத்துட்டு இருந்தேன். சொல்லுங்க.

– அதுவரைக்கும் நடந்த ஆய்வுகள்ல எழுபதுக்கு மேல யாரையும் சேர்க்கல.

– சேர்க்கலன்னா என்ன அர்த்தம்? பலன் இல்லைன்னு அர்த்தமா?

– பலன் இருக்கா இல்லையான்னு தெரியாதுன்னு அர்த்தம்.

– நீங்க என்ன எழுதினீங்க?

– வேண்டாம்னு.

– ஏன்?

– பனிப்புயல் வருதுன்னு சொன்னாங்க. எல்லாரும் விமானத்தைப் பிடிக்கணும். வழிகாட்டியில “தெரியாது”ன்னு போட்டா நம்மளை யாரு மதிப்பான்னு ஒருத்தன் கேட்டான். சரின்னு வேண்டாம்னு போட்டோம். யாரும் மறுக்கல.

– நான் மறுத்தேன்.

– உனக்கு வாக்கு கிடையாது அன்னைக்கு.

– அதேதான் சொன்னீங்க. “குறிப்பெடுக்கிறவங்க குறிப்பெடுக்கட்டும்.” மேஜையே சிரிச்சுது. இன்னைக்கு அந்த மேஜைக்குத் தலைவரா யாரு உக்காந்திருக்கா?

– நீதான். வேற என்ன வேணும் உனக்கு? இந்த வராந்தாவுல மண்டி போடட்டுமா? முட்டி ரெண்டும் செயற்கை. போட்டா எந்திரிக்க முடியாது. பரவாயில்ல, போடுறேன்.

– வேண்டாம். கம்பளம் அழுக்கா இருக்கு.

– அப்ப என்னதான் வேணும்?

– இதுதான். நீங்க கதவுக்கு வெளிய, நான் உள்ள. கிடைச்சிருச்சு. இந்தாங்க, மிச்சக் காபி உங்களுக்கு. வரி போயிருச்சு.

– என்னது?

– காலையில முதல் வாக்கெடுப்பே அதுதான். பதினாலு பேரும் கையைத் தூக்கினாங்க. என் கைதான் முதல்ல.

– காலையிலயேவா? அப்ப இவ்வளவு நேரம் நான் கெஞ்சினது?

– நீங்க கெஞ்சினது எனக்கு. வரிக்கு இல்ல.

– அது அச்சுல வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகுமே.

– முழு வழிகாட்டிக்குத்தான் அவ்வளவு நாள். தலைவர் கையெழுத்தோட அவசர அறிவிப்பு நாளைக்கே போகும். இன்சூரன்ஸ் பையன் இனி உங்களுக்கு என்னத்தை வாசிச்சுக் காட்டுறான்னு பார்ப்போம்.

– பதினாலு கையும் ஒரே தடவையில ஏறிச்சுன்னா, ஆதாரம் பலமா இருந்திருக்கணும்.

– மலை மாதிரி இருக்கு. மூணு நாட்டுல, எழுபதுக்கு மேல உள்ளவங்களை மட்டுமே வச்சுப் பண்ணின ஆய்வு. நல்லாத் தேறியிருக்காங்க. சின்னக் குழந்தைகூடக் கையைத் தூக்கும்.

– பாரு, ஆய்வுகளோட தொகுப்பு முதல்ல தலைவர் கைக்குத்தான் வரும், இல்லையா?

– அதுவும் உங்க விதிதான்.

– உனக்கு எப்ப வந்துச்சு? கோடையிலயா?

– எதுக்குக் கேக்குறீங்க?

– கிழவன். உக்காந்து உக்காந்து யோசிக்கிறேன். வேற என்ன வேலை எனக்கு?

– மார்ச்.

– மார்ச்சா! இப்ப அக்டோபர் ஆயிருச்சே.

– ஆமா. உங்ககிட்ட மூடி மறைக்கிற அளவுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்ல. ஏப்ரல்லயே ஃபோன் கூட்டம் போட்டு முடிச்சிருக்கலாம். அந்தக் கேள்வியை இந்தக் கூட்டம் வரைக்கும் தள்ளினேன். வேணும்னேதான் தள்ளினேன். எங்கப்பா இன்சூரன்ஸுக்கு மனு மேல மனு போட்டு, ஒரு கோடை பூரா தபால்காரனைப் பார்த்துட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. நீங்களும் ஒரு கோடை உக்காந்து பாருங்கன்னு நினைச்சேன்.

– மார்லிஸ் மட்டுமா உக்காந்திருந்தா இந்தக் கோடையில? எழுபதைத் தாண்டினவங்க இந்த நாட்டுல எத்தனை பேரு?

– நான் அவங்களை... அவங்களைப் பத்தி நினைக்கல.

– நானும் நினைக்கல, அந்தப் பனிப்புயல் அன்னைக்கு.

– எனக்குப் பாடம் நடத்தாதீங்க! உங்களுக்கும் எனக்கும் இனி ஒண்ணுமில்ல, கணக்கை நேர் பண்ணியாச்சு. போங்க, மார்லிஸுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில சேர்த்துருங்க. வேணும்னா நானே பேசி இடம் வாங்கித் தர்றேன். அவங்க மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, உங்களுக்கே தெரியும். அந்தக் கேக்கை நான் எத்தனை தின்னிருக்கேன்!

– விதி ஒண்ணு பாக்கி இருக்கு, லியோனா.

– இன்னும் என்ன விதி?

– ஒருத்தருக்குச் சொந்தத் தொடர்பு மாறினா, அதைத் தலைவர்கிட்ட முதல்ல தெரிவிக்கணும். தெரிவிக்கிறேன். எனக்கு இந்த வழிகாட்டியோட இனி எந்தத் தொடர்பும் கிடையாது. மார்லிஸ் போன ஞாயித்துக்கிழமை இறந்துட்டா.

– இல்ல. இல்ல, நீங்க... அடுப்புப் பக்கம் போகலன்னு சொன்னீங்களே.

– போகல.

– அப்ப உள்ள வந்து உக்காந்திருக்கலாமே! காலையில இருந்து இந்த நாற்காலியில எதுக்கு? மண்டி போடுறேன்னீங்களே, அதெல்லாம் எதுக்கு? எதுக்கு என்கிட்ட அப்படிக் கெஞ்சினீங்க?

– மார்ச்ங்கிறதை உன் வாயால கேக்கணும்னுதான், கண்ணு.