கிரீன்விச் நேரத்தில் வந்த பின்னூட்டம்

உலாவியில் சேரும் குக்கீகளை அழித்துவிட்டால் போதும், இணையத்தில் தம்மை யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அப்படி இல்லை. திரையின் அளவு, மொழி, நேரம், எழுத்துருக்கள், இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஒரு தளம் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். விரல் ரேகை மாதிரி.

பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூஜை முடிந்ததும் நான் இதைத்தான் இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வந்தேன். மோசடிக்காரர்களிடம் ஏமாந்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். எல்லாருடைய மடிக்கணினியிலும் என் கையாலேயே உலாவியின் அமைப்பை மாற்றிக் கொடுப்பேன். அதன் பிறகு உலாவி உண்மையைச் சொல்லாது. கிள்ளானில் இருந்தாலும் கிரீன்விச் நேரம் காட்டும். தமிழில் படிப்பவரை ஆங்கிலக்காரர் என்று சொல்லும்.

"ஒளிஞ்சிக்கிறதுன்னா மூலைக்குப் போறது இல்ல. கூட்டத்தோட கூட்டமா நிக்கிறது," என்பேன்.

"அண்ணே, இத என் மூஞ்சிக்கும் போட்டு விடுங்க. வீட்டுக்காரி தேட மாட்டா லா," என்றார் திருச்செல்வம். வகுப்பே சிரித்தது. நல்ல மனிதர். அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவ முதல் ஆளாக நிற்பார்.

என் மகள் மாதவி பந்திங் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அவளைத் தம் தம்பி குகனுக்குக் கேட்டு வந்தார் திருச்செல்வம். நான் மறுத்துவிட்டேன். பிறகு வேறு இடத்தில் நிச்சயமானது. கோயில் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதில் திருமண அறிவிப்பையும் போட்டேன். அதன் கீழே பெயரில்லாத ஒருவர், மாதவிக்கும் பள்ளியில் ஒரு கல்யாணமான ஆசிரியருக்கும் உறவு என்று எழுதினார். பொய். உடனே அழித்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் படித்துவிட்டார்கள். கல்யாணம் நின்றது. அடுத்த மாதம், தன் உயிரை மாய்த்துக்கொண்ட மாதவிக்கு நான் கொள்ளி வைத்தேன்.

சாவு வீட்டில் நாற்காலி அடுக்கியது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது, காரியம் வரைக்கும் எனக்குச் சோறு கொண்டுவந்தது எல்லாம் திருச்செல்வம்தான். இவ்வளவு செய்கிறாரே என்று யோசித்தேன். மனசு குத்தாதவன் இவ்வளவு செய்வானா?

அந்தப் பின்னூட்டத்தின் பதிவு தளத்தில் இருந்தது. கிரீன்விச் நேரம், ஆங்கிலம், வகுப்பில் நான் போட்டுக்கொடுக்கும் அதே திரை அளவு. எந்த இணைப்பிலிருந்து வந்தது என்ற முகவரியை விபிஎன் செயலி மறைத்திருந்தது. திருச்செல்வம் அதே தளத்தில் அன்னதானத்துக்குப் பதிவு செய்த நாளின் விவரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இம்மி பிசகவில்லை. வேறு யாருடையதையும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. அவசியம் தோன்றவில்லை.

அவரை வெறுக்கவில்லை, மேடம். வெறுப்பு பாவம் என்று வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். மாதவிக்குத் திதி வந்தபோது கிள்ளானில் என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். எள் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை செய்திருந்தேன். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அண்ணே, இதுல கடலை கிடையாதுல்ல? எனக்கு ஆகாதுன்னு தெரியுமே."

"எள்ளு மட்டும்தான் தம்பி."

"நீங்க செஞ்சா பயமில்லண்ணே," என்று சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இரண்டாவதும் எடுத்துக்கொண்டார்.

எள்ளைவிடக் கடலை அதிகம் அரைத்திருந்தேன். ஒவ்வாமைக்காக அவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் ஊசியை, கைகழுவப் போனபோதே எடுத்துவிட்டேன். உதடு வீங்கத் தொடங்கியதும் அவர் பையைத் தேடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேவாரம் பாடினேன். யாரும் தனியாகப் போகக் கூடாது. ஆம்புலன்ஸைப் பிறகு நானே கூப்பிட்டேன். பழிவாங்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் என்று மட்டும் எழுத வேண்டாம்.

நேற்று நீங்கள் காட்டிய தாள்களைப் பார்த்தேன். வகுப்புக்கு வந்த அத்தனை பேருடைய உலாவியும் தளத்தில் ஒரே மாதிரிதான் பதிவாகியிருக்கிறது. ஆகத்தான் வேண்டும். அமைப்பைச் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். திருச்செல்வம் இறந்த பிறகு, வாணி என்கிற பெண்ணின் திருமண அறிவிப்புக்குக் கீழேயும் அப்படியொரு பின்னூட்டம் வந்திருக்கிறது. அதே கிரீன்விச் நேரம், அதே வார்த்தைகள். இறந்தவர் எழுத முடியாது என்கிறீர்கள். சரி.

ஆனால் கடைசி மூச்சு வரைக்கும் அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார், மேடம். தப்பு செய்யாத மனிதர் எதற்காக அப்படிப் பிடிக்க வேண்டும்?