பேடிக்காத மக்கா

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் உளவியல் பாடநூல், அதன்மேல் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய ஆப்பிள்.

“ஒரு கதைய திரும்பத் திரும்பக் கேட்டா, நடக்காததுகூட நம்ம ஓர்மையா, சொந்த ஞாபகமா மாறிப் போவும்மா. நேத்து வகுப்புல நடத்தினாங்க.”

“உனக்கு அப்பாவப் பத்தி என்ன ஓர்மை இருக்கு?”

“ஒண்ணே ஒண்ணுதான். பேச்சிப்பாறை அணைமேல என்னத் தோளுல தூக்கிட்டு நடந்தாரு. ‘பேடிக்காத மக்கா’ன்னு சொன்னாரு. நம்மள விட்டுட்டுப் போன மனுசன இப்ப ஆஸ்பத்திரியில பாக்கப் போறதே அதுக்காகத்தான்.”

தாய் மகளின் பக்கம் திரும்பினாள்.

“அவரு நாகர்கோவில்காரரு. பயப்படாதன்னுதான் சொல்லுவாரு. ‘பேடிக்காத’ எங்க விளவங்கோட்டுப் பேச்சாக்கும்.”

“அப்ப அணையில அவரு என்ன சொன்னாரு?”

“அவரு அங்க வரவே இல்லட்டி. தூக்கினது நானாக்கும். நீ அப்பா எங்கன்னு அழும்போதெல்லாம், அப்பாதான் தூக்கினாருன்னு சொல்லிச் சொல்லி வச்சேன். இத்தன வருசமா அந்தப் பேரும் அவருக்கே போச்சு.”

“ஆஸ்பத்திரி எறங்குங்க!” என்று நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டார்.

மகள் எழவில்லை.

“பின்ன நான் ஆருக்கும்மா இந்த ஆப்பிள வாங்கினேன்?”