கலவை அறையில் தர்ஜோ

சட்டைக் காலரின் அழுக்கைக் கையால் தேய்க்கத் தேவையே இல்லை. வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். என் தங்கைகூட இதை நம்பமாட்டாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மக்கள் அப்படித்தான், ஐயா. தங்கள் கை படாமல் நடக்கும் எதையும் நம்புவதில்லை.

ஜாவாவில் இந்தச் சிடோவார்ஜோ ஊர்ச் சலவைத்தூள் ஆலையின் ஆய்வகத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக நான்தான் தலைவி. வியர்வை, ரத்தம், முட்டைக் கறைகளை அறுப்பது நொதி. அது உயிரல்ல, ஒரு புரதம். தொட்டியில் நுண்ணுயிரிகளை வளர்த்து, அவை சுரப்பதைப் பிரித்தெடுக்கிறார்கள். தனக்குப் பொருந்துகிற கறையை மட்டும் பிடிக்கும், துண்டாக்கும், விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். தான் தேய்வதில்லை. அதனால்தான் ஒரு மூட்டைத் தூளுக்கு ஒரு கைப்பிடி போதும்.

பாடம் இவ்வளவுதான். ஆண்டுக்கு இருமுறை தொழிலாளர்களுக்கு நடத்தி, அதன் தூசிக்குப் பயந்து முகமூடி போடச் சொல்லி முடிப்பேன். கலவை அறையின் மேஸ்திரி தர்ஜோ கடைசி வரிசையில் உட்கார்ந்து டெம்பே என்னும் சோயா வறுவலைக் கொறித்துக்கொண்டிருப்பான்.

"அம்மா, அந்தப் பூச்சிக்குப் பல்லு எத்தன?" என்பான்.

"பூச்சி இல்ல தர்ஜோ. அதுக்கு உசிரே கிடையாது."

"உசிர் இல்லாததுக்கா இவ்வளவு பயப்படச் சொல்றீங்க? அப்ப நம்ம மேனேஜரப் பாத்தும் பயப்படணுமே."

அறையே சிரிக்கும். மேலாளரும் சிரிப்பார். கிண்டல் தன்னைப் பற்றியது என்று புரிய அவருக்குச் சற்று நேரமாகும்.

தர்ஜோவின் முகமூடி எப்போதும் தாடைக்குக் கீழேதான் தொங்கும், கிராம்புச் சிகரெட் பிடிக்க வசதியாக. நொதி எங்களுக்கு மெழுகு பூசிய குருணையாக வரும். மிதிபட்டால் நொறுங்கிப் பறக்கும். அந்தத் தூசி நுரையீரலைத் தின்னாது. ஆனால் சிலருடைய உடம்பு அதைப் பகையாகக் குறித்துவைத்துக்கொள்ளும். அதன்பிறகு கொஞ்சம் தூசி பட்டாலும் மூச்சுக்குழாய் சுருங்கும். அதற்காகத்தான் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை.

சென்ற மார்ச்சில் அவனுடைய முடிவு என்னிடம் வந்தது. அவன் உடம்பு குறித்துவைத்துவிட்டது. அன்றே அவனை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவளே நான். எனக்கு மறதியும் கிடையாது. படிவத்தில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோபம் இல்லை, ஐயா. கோபப்படும் அளவுக்கு அவன் ஓர் ஆளில்லை. தானாக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஜூலையில் வந்தான். ஏழு படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, நெஞ்ச இறுக்கிப் பிடிக்குது. ஞாயித்துக்கெழம வீட்ல இருந்தா ஒண்ணுமில்ல. திங்கக்கெழம உள்ள போனதும் வந்துருது. அந்தத் தூசியா இருக்குமோ?"

இத்தனை ஆண்டுகளில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி. உட்காரவைத்து, படம் வரைந்து, முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு அது வந்துருச்சாம்மா?"

"உங்க ரிசல்ட்ல ஒண்ணும் இல்ல, தர்ஜோ. சிகரெட்டக் கொறைங்க."

"அப்பாடா. எம் பொண்டாட்டி பயந்துபோய்க் கெடந்தா. இன்னைக்கே அவகிட்டச் சொல்லிர்றேன்."

என் கையை இரு கைகளாலும் பற்றிவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் கலவை அறையில் ஒரு நொதி மூட்டை கிழிந்து தரையெல்லாம் கொட்டியது. பெருக்க யாரை அனுப்பலாம் என்று மேலாளர் கேட்டார். உடம்பில் எந்தக் குறையும் இல்லாத மூன்று பேர் இருந்தார்கள். நான் தர்ஜோவின் பெயரைச் சொன்னேன். துணி முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் உள்ளே போனான். துணி அந்தத் தூசியைத் தடுக்காது. நண்பகல் தொழுகைக்கு முன் அவன் மூச்சு நின்றுவிட்டது.

உங்கள் விசாரணை அறிக்கையில் நீங்கள் 'விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். எங்கள் மேலாளரும் அப்படித்தான் எழுதினார். உங்களுக்கும் அவருக்கும் வேறுபாடு வேண்டாமா? நான் அவனைக் கொன்றேன். தெரிந்தே, நிதானமாக.

ஏழாம் நாள் பிரார்த்தனைக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி யாத்மி வந்தவர்களுக்கெல்லாம் தரும் சோற்றுப் பொதியை என் கையிலும் வைத்து, "நல்லா இருந்த மனுசன், ஏம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். கேட்டதால் விளக்கினேன், மூச்சுக்குழாயிலிருந்து தொடங்கி. பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அழும் சத்தம் கேட்டது. மீதியைச் சொல்வதற்காக வெகுநேரம் காத்திருந்தேன்.

அவள் திரும்பி வரவில்லை. இந்த மனிதர்களுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையே கிடையாது, ஐயா.