செருப்பு மாட்டிக்கிட்டு வாங்க

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“நேத்தும் கனவுல நம்ம ஷெட்டுல நிக்குற பழைய கார் மூச்சு விட்டுச்சு” என்றார் அவர். “நான் செஞ்ச கார்புரேட்டர்ல திரி பெட்ரோல உறிஞ்சுது. காத்து அதத் தடவிட்டுப் போகுது. அப்படியே ஆவியாகி இன்ஜினுக்குள்ள…”

“நெசத்துல ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணல?”

“பட்டாசு ஆபீஸ்ல வெடிமருந்து கலக்குற கை இது. ஆவிகிட்ட தீப்பொறிய விட மனசு வரல.”

“அதான் உரசிப் பொறி பறந்துரும்னு மருந்து ரூமு வாசல்ல கழத்துற மாதிரி, கார் ஷெட்டுலயும் செருப்பக் கழத்திப் போட்டுட்டு நிக்கீகளா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கார் முன்னால நின்னு ஸ்டார்ட் பண்ற ஹேண்டில நான் சுத்துறேன். நீங்க செருப்பு மாட்டிக்கிட்டு வந்து உள்ள உக்காருங்க, போதும்.”