சாயங்காலத்துக்கு இரண்டு கேக்

வெண்ணெய் உருகியதும் அடுப்பை அணைத்துவிடுகிறவர்களுக்கு இந்தக் கேக் வராது, டாக்டரம்மா. உருகி, நுரைத்து, சடசடப்பு அடங்கி, அடியில் செம்மண் நிறத்தில் ஒரு வண்டல் படியும். அப்போது வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை எழும். அந்த நொடியில் இறக்க வேண்டும். வெற்றிலை மடிக்கிற நேரம் தாமதித்தாலும் கருகிப்போகும்.

போன வாரம் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வந்தபோது, என் மனைவியின் சீட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இந்தம்மாவுக்கு யார் இனிப்பு கொடுக்கறது?" பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சொன்னேன். அது உண்மையில்லை. பாவம், அவர்கள் டீக்கே சர்க்கரை கடன் கேட்கிறவர்கள். அதனால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு வயதில் பழகிய கை.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் கல் ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. தொண்ணூற்றாறில் கிளேர் என்று ஒரு பிரெஞ்சுக்காரம்மா கல் கொத்தப் பழகுவதற்கு வந்து, பட்டறைக்குப் பின்னால் வீடு எடுத்துத் தங்கினார். உளி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்த நேரம்தான் அதிகம். கல் கொண்டுபோய் இறக்கும்போதெல்லாம் விரல் நீளத்துக்கு ஒரு கேக் தருவார். தங்க பிஸ்கட் மாதிரி இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது எட்டுக் குழி அச்சை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பாதாம் போடுவார். நான் உடைசல் முந்திரி. சர்க்கரை மட்டும் அவர் போட்ட அளவேதான். முட்டையில் வெள்ளை மட்டும்தான், அதையும் அடிக்கக் கூடாது, கலக்கினால் போதும். இரும்புச் சட்டியில் மணல் கொட்டி, அச்சை உள்ளே வைத்து மூடி, மூடிமேல் தணல் போட்டுச் சுடுவேன்.

அதன் பெயர் ஃபினான்சியே என்று என் மனைவி சந்திரம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாய்யா, பூட்டினு ஓடிப்போனானே, அந்த பைனான்ஸா?"

"இது பிரான்ஸ் பைனான்ஸ்மே."

"எந்த ஊருதா இருந்தா இன்னா. காலைல இருக்கும், சாயங்காலம் காணாம பூடும்."

சொல்லிவிட்டு நாலு தின்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பைனான்ஸ் என்றுதான் பெயர்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் நம்பமாட்டாள். ஐந்து மணிக்கு பஸ் என்றால் டிரைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வருவாள். மழை வருகிறது என்றால் வாசலில் கையை நீட்டிப் பார்ப்பாள். ஆனால் தாள் என்றால் நம்பிக்கை. அறிவொளி வகுப்பில் தெய்வநாயகி டீச்சரிடம் நான் எழுத்துப் பழகிய பிறகு, ரேஷன் கடை நோட்டீஸை வாசித்துக் காட்டினேன். மறுபேச்சு இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "மன்சன்தான் பொய் சொல்லுவான், தாளு சொல்லாது" என்பாள். அவளும் வகுப்புக்கு இரண்டு நாள் வந்தாள். அப்புறம், "எங்க நைனா எனக்கு வாய் குடுத்துகிறாரு, அது போதும்" என்று நின்றுவிட்டாள். ஆக, வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மகள் ஜாய்ஸ் கல்யாணமாகி ஊரப்பாக்கம் போய்விட்டாள்.

ஜாய்ஸுக்குப் பிள்ளை பிறந்தபோது சந்திரம்மா பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். நான் வேலை முடிந்து வந்து ரேடியோ போட்டேன். ரேடியோ நன்றாகத்தான் பாடியது. ஏன் லேட்டு என்று மட்டும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தவள், மறுபடி போகத்தான் வந்திருந்தாள். ஜாய்ஸ் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். மருமகன் கலைவாணனும் கூப்பிட்டார். சந்திரம்மா நீலப் பையில் மூன்று புடவை மடித்து வைத்து ஆணியில் மாட்டினாள். எலக்ட்ரிக் டிரெயினில் போட்டுக்கொண்டு போக என்று ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி, பேப்பர் சுற்றி அதே பையில் வைத்தாள். ஜாய்ஸ் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "மொதல்ல சக்கரை எறங்கட்டும்மா. நீ அங்க மயங்கி வுழுந்தா கொயந்தைய யாரு தூக்குறது? டாக்டரம்மா சரின்னு சொன்ன அன்னிக்கே வந்து கூட்டினு பூடறேன்."

நியாயமான பேச்சு. அப்போது இருநூற்றுப் பத்து இருந்தது. அடுத்த மாதம் நூற்று எண்பது. நீங்கள்கூட முதுகில் தட்டி, இன்னும் ஒரு மாதம் இப்படியே இருங்கள் என்றீர்கள். எல்லாருக்கும் கொடுக்கிற அந்த மஞ்சள் தாளையும் கொடுத்தீர்கள். தமிழில் அச்சடித்தது. நாலாவது வரி, 'இனிப்பு, கேக், முந்திரி அறவே கூடாது.'

வீட்டுக்கு வந்ததும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைச்சல். கீரை தினமும். இது வரைக்கும் தாளில் இருந்தபடிதான். பிறகு, "சாயங்காலம் முந்திரி கேக் ரெண்டு" என்றேன்.

"கேக்கா? இனிப்பு கூடாதுன்னு அந்தம்மா வாயால சொல்லிச்சே."

"வாயால சொல்றது வர்றவங்க எல்லாருக்கும் சொல்றது. தாள்ல எழுதறதுதான் உனக்கு."

"எந்த வரில கீது?"

அவள் விரலைப் பிடித்து நாலாவது வரியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பரவால்லையே, டாக்டரம்மாவுக்கும் பைனான்ஸ் தெரிஞ்சுகீது" என்றாள்.

அடுத்த மாதம் இருநூற்று அறுபது.

இதில் நான் செய்யாததையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையில் நான் கை வைக்கவில்லை. வேளை தவறாமல் நானே தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தேன். நான் குடிக்கிறவன் இல்லை. ஒரு நாளும் அவள்மேல் கை நீட்டியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முழங்கை வரைக்கும் கல்தூளோடு வந்து, கழுவிவிட்டு, பெண்டாட்டிக்குக் கேக் சுடுகிற ஆம்பளை எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது.

ஜாய்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அச்சைப் பார்த்துவிட்டாள். "சக்கரை போடலம்மா, வெறும் முந்திரிதான்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா மாதிரி யாரு பாத்துக்குவாங்க" என்றாள். அதற்கப்புறம் மாதா மாதம் வரும்போது அவளே முந்திரி வாங்கி வந்தாள். நல்ல முந்திரி, முழுசு. உடைசலைவிட ருசி அதிகம்.

இரண்டாயிரத்து மூன்றில் கால் கட்டைவிரல் போயிற்று. வாசல் கல்லில் இடித்துக்கொண்டதுதான், ஆறவில்லை. அடுத்த வருஷம் கண். முதலில் புகை மாதிரி என்றாள், பிறகு முழு இருட்டு என்றாள். போன மாதம் இடது கால், முழங்காலுக்குக் கீழே. ஜாய்ஸ் பிள்ளைக்கு ஓர் ஆயாவை வைத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. நீலப் பை ஆணியில்தான் இருக்கிறது. செருப்பைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டும் புதுசாகவே இருக்கின்றன.

சந்திரம்மாவின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் வாசலில் கால் வைத்ததுமே, "இன்னாய்யா லேட்டு, பைனான்ஸ் தொறக்கலயா?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டால் முதுகு வலி பாதி போய்விடும். பிரியம் இருந்தால்தானே அப்படி இருக்கும். நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி பஸ் முழுக்க என்னோடு வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது முடிவு பண்ணினேன். வீட்டுக்குப் போனதும் மஞ்சள் தாளை உள்ளபடி வாசித்துவிடுவது என்று. கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தேன். காலையில் இரண்டு இட்லி. சோறு குறைச்சல். கீரை தினமும். பிறகு நாலாவது வரி. "இனிப்பு, கேக், முந்திரி அறவே கூடாது."

அவள் சிரித்தாள்.

"யோவ், அது எத்தினியாவது வரி?"

"நாலாவது."

"என் வெரல அதுல வையி."

வைத்தேன். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணு பூட்டா இன்னா, இந்த வரி எனக்குத் தெரியும்யா. இதுதான் கேக் வரி. அஞ்சு வருசமா துன்னுகினு கீறேன். உனக்கு வயசாச்சு, படிச்ச எழுத்து மறந்து பூட்ச்சு. அந்த டீச்சரு செத்தா ஆவியா வந்து உன்ன அடிக்கும்."

"இல்லமே, இப்பதான் சரியா படிச்சேன்."

"நீ சொன்னா ஆச்சா? தாள்ல இருந்தது அன்னிக்கு ஒண்ணு இன்னிக்கு ஒண்ணா மாறுமா?"

மாறாது. அன்றைக்கு நாலாவது வரியை மாற்றி வாசித்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வருவதை அவள் நம்பமாட்டாள் என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

காலையில் சுட்டது அச்சிலேயே இருந்தது. அவள் கையை நீட்டினாள். கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, டாக்டரம்மா. ஆனால் அதிகம் கொடுக்கவில்லை. தாளில் இருக்கிறபடி இரண்டே இரண்டுதான்.