நன்றி சொல்லி முடிக்கும் வரை

அவைக்குத் தலைமை ஏற்று, ஆசனத்துக்கு அழகு சேர்த்து, அவ்வப்போது கைக்கடிகாரத்துக்கும் கருணை காட்டிக்கொண்டிருக்கும் மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே! பாலங்களைப் பற்றிப் பேசி, பாமரர் எங்களையும் மறுகரை சேர்த்த பொறியாளர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பேராசிரியப் பெருமக்களே! முன்வரிசைக்கு அஞ்சிப் பின்வரிசையில் பதுங்கியிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அணைத்திருப்பீர்கள், கலங்க வேண்டாம். வருகைப் பதிவுக்காக வந்திருந்தாலும் வந்துவிட்ட மாணவச் செல்வங்களே! தூண் ஓரமாக உறங்கிக்கொண்டிருக்கும் என் கணவரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அவரை எழுப்ப வேண்டாம், பக்கத்தில் இருப்பவரே. அவருடைய முறை இன்னும் வரவில்லை.

நன்றியுரை ஆற்ற வந்திருக்கிறேன். மேடை ஏறும்போது தலைவர் அவர்கள் என் காதருகே, "அம்மா, ரெண்டே வார்த்தை போதும்" என்றார்கள். இரண்டு வார்த்தைகளோடுதான் வந்தேன். ஆனால் தலைமையுரையில் தாங்கள் ஒரு செய்தி சொன்னீர்கள், ஐயா. அதன் பிறகு அந்த இரண்டு வார்த்தைகளும் போதவில்லை.

என்ன சொன்னீர்கள்? அடுத்த பருவம் முதல் இந்த அரங்கம் வகுப்புகளுக்கு மட்டுமே என்றீர்கள். பொதுச் சொற்பொழிவு இல்லை, இசை நிகழ்ச்சி இல்லை, ஊரார் கூடும் கூட்டம் இல்லை என்றீர்கள். அடையாள அட்டை இல்லாதவர் வாயிலைத் தாண்ட இயலாது என்றீர்கள். கனத்த இதயத்தோடு சொல்கிறேன் என்றும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு மிக இலேசாக உட்கார்ந்தீர்கள்.

அடையாள அட்டை இல்லாத நான் யார்? எதிர்ச்சாரியில் தையற்கடை நடத்துபவள். இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு அங்கிகள் அத்தனையையும் தைத்தவள், ஒன்றையும் அணியாதவள். 'மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள்' என்று என்னை ஏசியிருக்கிறார்கள். ஒதுங்கினேன், ஐயா. நல்ல மழை. இந்தக் கதவுதான் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் நட்சத்திரங்கள் எப்படி அணைகின்றன என்று பேசிக்கொண்டிருந்தார். மழை நின்றதை யாரோ சொன்னார்கள், நான் எழவில்லை. இன்று நான் பேசும் இந்தத் தமிழ் எந்தப் பள்ளியிலும் கற்றதன்று. இந்த நாற்காலிகளில் அமர்ந்து, கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. சேர்த்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கும் அடக்கம் எனக்கு இல்லை.

யாரங்கே? "விஷயத்துக்கு வாங்க" என்கிறீர்களா? வருகிறேன், தம்பி. ஊசியில் நூல் கோத்த பிறகுதானே தைக்க முடியும்?

இங்கே ஒரு மரபு உண்டு. அதை வகுத்தவர் நம் தலைவரேதான். நன்றியுரையைப் பல்கலைக்கழகத்தைச் சேராத ஒருவரே ஆற்ற வேண்டும். நன்றியுரை முடியாமல் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாமல் எவரும் எழக்கூடாது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர், ரயிலுக்கு நேரமாகிறதென்று பாதியில் எழுந்தார். "உட்காருங்க சார், இன்னும் நன்றியுரை முடியல" என்றார்கள் தலைவர். அவர் உட்கார்ந்தார். ரயில் போய்விட்டது. மரபு நிலைத்தது. அன்றைக்கு நான் கைதட்டினேன். இன்றைக்கும் அந்த மரபை மதித்தே பேசுகிறேன் என்பதைத் தலைவர் அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த அரங்கம் ஊருக்கு என்ன தந்தது என்பதற்கு ஒரு மாலைப்பொழுதைச் சாட்சிக்கு அழைக்கிறேன். அலுவலகத்தார் ஒரே நாளில், ஒரே நேரத்தில், இதே அரங்கில் மண்புழுவைப் பற்றிய சொற்பொழிவையும் வயலின் கச்சேரியையும் வைத்துவிட்டார்கள். இரண்டு சுவரொட்டிகளும் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன, ஒட்டியவரும் ஒருவரே. நான் மண்புழுவுக்காகப் புறப்பட்டேன். வாசலில் என் நாத்தனார்.

"ஏன் அண்ணி, புழுவப் பத்திக் கேக்கறதுக்கா இப்படிச் சீவி முடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்க? அது என்ன சம்பந்தி வீடா?"

"வயலினும் இருக்காம், நீயும் வா."

"அப்படிச் சொல்லுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் புழுவுக்கு வந்தவர்கள், பாதிப் பேர் வயலினுக்கு வந்தவர்கள். முதலில் புழு, பிறகு வயலின் என்று மேடைக்குப் பின்னால் முடிவாயிற்று. முடிவை அவையோருக்கு அறிவிக்க எவருக்கும் தோன்றவில்லை. மண்ணியல் பேராசிரியர் பேசத் தொடங்கினார். சற்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கச்சேரிக்கு வந்தவர்கள் உருப்படி முடிந்ததாகக் கருதிக் கைதட்டினார்கள். தம் பணிக்காலம் முழுவதிலும் கைதட்டலே கேட்டறியாத அந்தப் பெருமகன் திகைத்தார். மேலும் சற்றுப் பேசினார். மேலும் தண்ணீர் குடித்தார். மேலும் தட்டினார்கள். பேச்சு முடிவதற்குள் மேடைப் புட்டிகள் அத்தனையும் காலி. மண்புழுவுக்குக் காது கிடையாது, ஆனால் அதிர்வை அறியும் என்று அவர் சொன்னபோது என் நாத்தனார் சத்தமாகவே சொன்னாள்: "காது கேக்காது, உலுக்கினாத் தெரியும். அப்படியே எங்க அண்ணன்."

சிரிக்காதீர்கள். அவர் விழித்துவிடுவார்.

பிறகு வயலின். இப்போது புழுவுக்கு வந்தவர்களின் முறை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர்கள் கை தூக்கினார்கள். சொற்பொழிவு என்றால் கேள்வி நேரம் உண்டல்லவா? முதற்கை, மூன்றாம் வரிசையில் இருக்கும் நம் கேள்விக்காரருடையது. அவரை அறியாதவர் உண்டா? பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும், எந்தப் பொருளிலும், அவர் கேட்கும் கேள்வி ஒன்றே. அன்றும் எழுந்தார்.

"இதனால சாதாரண மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்?"

வயலின் அம்மையார் வில்லைத் தாழ்த்தினார். "தெரியலீங்க. மறுபடி வாசிக்கிறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

வாசித்தார். முடித்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க" என்றார். கேள்விக்காரர் நின்றுகொண்டே இருந்தார். வயலினையே பார்த்தபடி சொன்னார்: "இன்னொரு தடவ வாசிச்சா சொல்றேன்."

அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. ஏன் வருகிறார்? என் கடைக்குக் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஒருநாள் சொன்னார். அவருடைய அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன். தலையாட்டுகிறார், பாருங்கள். "சம்சாரம் போனதுக்கப்புறம் வீட்ல நான் எதக் கேட்டாலும் நானேதாம்மா பதில் சொல்லிக்கணும். உப்பு எங்கன்னு கேட்டாக் கூட. அங்க வந்து கேட்டா யாராவது ஒருத்தர் பதில் சொல்றாங்க."

தாய்மார்களே, பெரியோர்களே! கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் இந்த ஊரில் வேறு எது? அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தோம். நாளை வா என்றார்கள். கடைத்தெருவில் கேட்டுப் பார்த்தோம். வாங்குவதாக இருந்தால் கேள் என்றார்கள். இங்கே ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்து நின்றால், உலகம் சுற்றிய அறிஞரும் பேச்சை நிறுத்தி, "சொல்லுங்க ஐயா" என்றாரே! அந்தச் சொல்லை எந்த அடையாள அட்டை பெற்றுத் தரும்?

காலி நாற்காலிகளைக் காரணம் காட்டினீர்கள், தலைவர் அவர்களே. ஊரார் வருவதில்லை என்றீர்கள். காலி நாற்காலி வராதவரின் குற்றமா, வரப்போகிறவரின் இடமா? நான் மழைக்கு ஒதுங்கிய அன்று எனக்கு நாற்காலி கிடைத்தது ஏன்? அது காலியாக இருந்ததால்! நிரம்பியிருந்தால் நின்றிருப்பேன், நின்றிருந்தால் மழையோடு போயிருப்பேன். சற்று முன் பொறியாளர் அம்மையார் சொன்னாரே, எந்தப் பாலமும் நாள் முழுவதும் நிரம்பி வழிவதில்லை என்று. ஆள் குறைந்த நேரம் பார்த்துப் பாலத்தை இடிப்பார் உண்டா? ஒரே ஒரு கரையை வைத்துக்கொண்டு பாலம் கட்டுவார் உண்டா? நீங்கள் ஒரு கரை என்றால், நாங்கள் மறுகரை இல்லையா?

"அம்மா, நேரமாச்சு" என்கிறார்கள் தலைவர். ஆகட்டும் ஐயா. பொறியாளர் அம்மையாருக்கு நன்றி. ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி. சுவரொட்டி ஒட்டியவருக்கு, அன்று அலுவலகத்தார் செய்த பிழைக்கும் சேர்த்து, நன்றி. இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் பாக்கி. அவர் கூட்டத்தின் தலைவர். அந்த ஒரு நன்றியை நான் இப்போது சொல்லப்போவதில்லை. சொல்லாத வரை நன்றியுரை முடியாது. நன்றியுரை முடியாமல் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாமல் எவரும் எழக்கூடாது. மரபு தங்களுடையது, தொண்டைதான் என்னுடையது, அது நன்றாக இருக்கிறது.

மூன்றாம் வரிசையில் ஒரு கை. கேள்வி நேரம் முடிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நன்றியுரைக்குள் ஒரு கேள்விக்கு இடமளிக்கக் கூடாதென்று விதி எதுவும் இல்லை. கேளுங்கள் ஐயா. தலைவரைப் பார்த்தே கேளுங்கள்.

கேட்டதா எல்லோருக்கும்? கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "இந்தக் கதவ மூடுறதால சாதாரண மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்?"

தலைவர் அவர்களே, ஒலிபெருக்கி இதோ. அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். அவருக்கு நின்று பழக்கம்.

சற்று உரக்கச் சொல்லுங்கள் ஐயா. "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்கிறார்கள் தலைவர்! கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள், அவர் இன்னும் முடிக்கவில்லை; தண்ணீர்தான் குடிக்கிறார்.

"கதவு திறந்தே இருக்கட்டும்." அப்படித்தானே சொன்னீர்கள்? அடுத்த பருவமும்? அட்டை இல்லாமலும்? நன்று. இப்போது தட்டலாம்.

கேள்விக்காரர் ஐயா, கையை இறக்குங்கள். பதில் வந்துவிட்டது.

தலைமை தாங்கி, தாம் வகுத்த மரபுக்குத் தாமே தலைவணங்கிய துணைவேந்தர் அவர்களுக்கு, பாக்கி வைத்திருந்த அந்த நன்றியை, இருந்து கேட்ட உங்கள் அனைவரின் முன்னிலையிலும் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் முடிந்தது. எல்லோரும் எழலாம். தூண் ஓரமாக இருப்பவரை யாராவது உலுக்குங்கள்.

வணக்கம்.