அண்ணியின் நம்பர்

புது லேப்டாப் வாங்கும்போது, அதைத் தயார் செய்து கொடுக்கக் கடைக்காரனுக்குத் தனியாகக் காசு கொடுப்பது வீண் என்பதுதான் இன்றைக்கும் என் கருத்து, மேடம். பெட்டியைப் பிரித்து மூடியைத் திறந்தால் அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும். பெயர் என்ன, எந்த மொழி வேண்டும், எந்த நம்பருக்குச் செய்தி அனுப்பட்டும். கேட்டதற்குப் பதில் சொன்னால் முடிந்தது. நான் முள்ளுக்குறிச்சியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத வித்தையா அது?

கலைமணி என் நாத்தனார். என் வீட்டுக்காரர் முருகானந்தத்துக்கு ஒரே தங்கை. நான் மலைமேல் இருக்கிற குண்டூர் நாட்டுக்கு வாழ வந்தபோது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டது நான், பேன் பார்த்தது நான், வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் அண்ணன் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போயிருந்தவர், லேப்டாப் வாங்கிக்கொடு என்று பணம் அனுப்பினார்.

ராசிபுரத்தில் கடைக்குப் போனோம். அங்கே டெக்னீஷியன் யுவராஜ் என்று ஒரு பையன். பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுகிற ரகம். "ஏனுங்க்கா, ஒரு ஐந்நூறு சேத்திக் குடுத்தீங்கன்னா மெயிலு, பாஸ்வேர்டு எல்லாம் பாப்பா பேர்லயே போட்டுத் தந்தர்றேனுங்க. ஊட்டுக்குப் போயித் தொறந்தாப் போதும்" என்றான்.

"குடுத்துரலாமுங்க அண்ணி. எங்காவது தப்பாயிருச்சுன்னா அப்ளிகேஷன் போடறப்ப சிக்கலாயிரும்" என்றாள் கலை.

"அப்புறம் நான் எதுக்குடி இருக்கறேன்?" என்றேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "அக்காவுக்குத் தெரியும்னா சரிதானுங்க." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு என்ன தெரியப்போகிறது என்கிற சிரிப்பு அது. அவனுக்கு ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் வேறு சூது எதுவும் கிடையாது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் நம்பரை ஏன் போட்டாய் என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் கலையின் போனுக்கு டவர் கிடையாது. பாறைமேல் ஏறி நின்றால்தான் எடுக்கும். என் சிம்முக்கு வீட்டுக்குள்ளேயே எடுக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் என் நம்பர். அவளேதான் சொன்னாள், "உங்க நம்பரே இருக்கட்டுமுங்க அண்ணி. எது வந்தாலும் நீங்க பாத்துச் சொல்லீருவீங்கல்ல" என்று. விண்ணப்பமும் நான்தான் போட்டேன். ஒரு பிழை கிடையாது. கெடுக்க நினைத்திருந்தால் அப்போதே கெடுத்திருக்க மாட்டேனா?

எங்கள் வீட்டு நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். என் மாமியார் கண்ணாயிக்கு ஒரு பக்கம் வாதம். படுக்கைதான். திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கலை. நான் கரண்டியைக் கொண்டுபோனால் அத்தை வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கலை கொண்டுபோனால் குழந்தை மாதிரித் திறப்பார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மகள் கை மகள் கைதான். குச்சிக்கிழங்குக் காடு, மிளகு, மாடு இரண்டு. வீட்டுக்காரர் வருடத்தில் இரண்டு தடவை வருவார். கலை ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நானும், என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிற ஒரு கிழவியும்தான் மிச்சம். நான் வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. அத்தை பட்டினி கிடப்பாரே என்றுதான் எனக்குக் கவலை.

பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. என் வீட்டுக்காரர் போன் செய்தால் முதலில் "கலை எங்க?" என்பார். அப்புறம் "அம்மா சாப்டுச்சா?" அதற்கப்புறம் சார்ஜ் இருந்தால் நான். அதுவும் என் போனில். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

கவுன்சிலிங் முடிவு வந்த அன்று மழை. என் போனிலிருந்து நெட் கொடுத்து லேப்டாப்பைத் திறந்தோம். கலை அதை என் மடிக்குத் தள்ளிவிட்டாள். "நீங்களே பாருங்க அண்ணி. எனக்குப் பாக்கவே பயமா இருக்குது." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டாள். என் போனுக்கு வந்த எண்ணைப் போட்டு உள்ளே போனேன். அவள் பெயர் இருந்தது. சேலத்தில் ஒரு கல்லூரி. இடம் கிடைத்திருந்தது.

"கெடைக்கலயே கண்ணு" என்று என் வாய் சொன்னது.

நான் யோசித்துச் சொன்னதில்லை அது. அவள் உடனே அழவில்லை. "அடுத்த ரவுண்டுலயும் வராதுங்களா?" என்றாள். வராது என்றேன். எழுந்துபோய் அவள் அம்மாவைத் திருப்பிப் போட்டாள். அங்கே இருந்துதான் விசும்பல் கேட்டது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஏன் முதலில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? அப்படியே விட்டால் கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். அதனால் இடம் வேண்டாம் என்கிற கட்டத்தை அழுத்தினேன். உறுதி செய்ய எண் வந்தது. போட்டேன். வந்த மெயிலையும் அவள் கண்ணில் படாதபடி, பழைய மெயில்கள் கிடக்கிற ஆர்க்கைவுக்குத் தள்ளினேன். அந்த இடமும் வீணாகவில்லை, மேடம். வேறொரு ஏழைப் பெண்ணுக்குத்தான் போயிருக்கும்.

அதற்கப்புறம் வீடு நன்றாகவே இருந்தது. அவள் கொஞ்சநாள் சோறு இறங்காமல் கிடந்தாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தேன். பொங்கலுக்கு நல்ல சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். "இந்த வருசமும் போடறனுங்க அண்ணி" என்றாள். தாராளமாகப் போடு கண்ணு என்றேன். மறுபடியும் நான்தானே பார்த்துச் சொல்லப்போகிறேன்.

தை மாதம் லேப்டாப் நின்றுவிட்டது. திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். என் கைக்கு வரவில்லை. "அந்த யுவராஜ் அண்ணங்கிட்டயே குடுத்துரலாமுங்க. இந்தத் தடவ காசு நாந் தாரேன்" என்றாள். பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்து அவளும் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். மிளகு காயப்போட்டிருந்ததால் என்னால் கூடப் போக முடியவில்லை. தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போன வருடம் அனுப்பிய சான்றிதழ்களையும் மெயிலிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லி, பாஸ்வேர்டையும் அவனிடம் சொல்லிவிட்டாள். வெள்ளந்தி. தொடர்புக்கு என்று என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டான். கலை ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள்.

"ஏனுங்க, கலைமணிங்களா?"

"ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"லேப்டாப் ரெடிங்க. திங்கக்கெழம வந்து வாங்கிக்கங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. போன வருசம் உங்களுக்கு சீட்டு கெடச்சிருக்குதுங்களே, ஏன் வேண்டாம்னு குடுத்தீங்க? மெயில் ஆர்க்கைவுல கெடக்குது. எங்கக்காவும் நர்ஸ்தானுங்க. பாத்ததும் எனக்கு மனசே ஆறல."

"ஊட்டுச் சூழ்நிலைங்க."

"அப்படீங்களா. நேர்ல வாங்க, என்ன வழியிருக்குதுன்னு எங்கக்காகிட்டக் கேட்டுச் சொல்றேன். நல்ல மார்க்குங்க உங்களுது. விட்றாதீங்க."

நல்ல பையன்தான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு பார்க்கிறவன் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாகிவிட்டது எனக்கு. அந்த மெயிலை என் போனிலிருந்தே உடனே நிரந்தரமாக அழித்தேன். அழித்து என்ன? அவன் கண்ணால் பார்த்துவிட்டான். நானே போய் லேப்டாப்பை வாங்கலாம் என்றால், கலை ஏன் வரவில்லை என்று கேட்டு அவளையே வரச் சொல்லுவான். என் குரலைக் கேட்டால், போனில் கலையாகப் பேசியது யார் என்றும் கேட்பான். கலையோ திங்கட்கிழமை போவதற்கு அன்று சாயந்தரமே புதுச் சுடிதாரை மடித்து வைத்துவிட்டாள். எல்லா வழியையும் யோசித்துத்தான் பார்த்தேன், மேடம். யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் எங்கள் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போனோம். நீங்கள் சமவெளிக்காரர், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். மிளகுக்கொடி சில்வர் ஓக்கு மரத்தில் உச்சிவரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியில்தான் பறிப்போம். ஒரே மூங்கில், கணுவில் கால் வைக்கிற அளவு கிளையை விட்டு வெட்டியிருக்கும். அடியில் ஒருவர் இறுக்கிப் பிடிக்காவிட்டால் மூங்கில் தானாகத் திரும்பிவிடும். மேலே போனவர் "புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். கீழே இருப்பவர் "புடிச்சிருக்கேன்" என்ற பிறகுதான் இரண்டு கையையும் விட்டுச் சரத்தைப் பறிப்பார். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மலையில் அந்த வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

கலை மேலே போனாள். "புடிச்சிருக்கீங்களா அண்ணி?" என்றாள்.

"புடிச்சிருக்கேன் கண்ணு" என்றேன். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஏணியை ஆட்டவில்லை. இழுக்கவும் இல்லை. கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் ஒடிந்தவள் திங்கட்கிழமை பஸ் ஏற மாட்டாள் அல்லவா?

கீழ்ப்பாத்தியில் மெத்தென்ற மண்ணில் இத்தனை மரம் இருக்க, மண் சரியாமல் உயரமாகக் கட்டிய கல்கட்டுக்கு மேலே நிற்கிற மரத்தில் ஏன் ஏணியைச் சாத்தினாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த மரத்தில் காய்ப்பு அதிகம். காரணம் அது மட்டும் இல்லை, உண்மைதான். கால் ஒடிய வேண்டும் என்றால் கீழ்ப்பாத்தி மரமே போதும். ஒடிந்த கால் கூடிவிடும், கூடிய பிறகு கடைக்கும் போவாள். அது ஏணியைத் தூக்கி வரும்போதே எனக்குத் தெரியும். நான்தான் அந்த இடத்தில் சாத்தினேன். அவளைக் கொன்றது நான்தான்.

கலையின் காரியம் முடிந்து, என் வீட்டுக்காரர் அந்த லேப்டாப்பை வாங்கிவரப் போயிருக்கிறார். கிடைத்த சீட்டைப் பற்றிச் சனிக்கிழமைகூடக் கலையோடு பேசினேனே என்று யுவராஜ் அழுதிருக்கிறான். எந்த நம்பர் என்று இவர் கேட்டிருக்கிறார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விழுந்ததும் அவளுக்கு நினைவு இருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உடனே ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தேன், நீங்களே சரிபார்த்திருப்பீர்கள். அந்த நிலைமையிலும் அவள்தான் என்னைத் தேற்றினாள். "ஏணி திரும்பிக்கிச்சுங்க அண்ணி. உங்க மேல தப்பில்ல. பாவம், எவ்வளவு நேரந்தான் புடிப்பீங்க. அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். அப்புறம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிடச் சொன்னாள். வண்டி வளைவு ஏறி வந்து சேர்வதற்குள் கண் செருகிவிட்டது. அதுவரை என் கையை அவள் விடவே இல்லை.

என்னைப் பற்றி ஒரு குறையும் நினைக்காமல், அண்ணி கடைசிவரை நம்மைத் தாங்கினாள் என்கிற நிம்மதியோடு போனாள். நீங்கள் எழுதுகிறதில் இதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம். திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போயிருந்தால் அவளுக்கு அந்த நிம்மதி கிடைத்திருக்காது.